பாய்லர் பம்பை இடம் மாற்றச் சொல்கிறார்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

லண்டன் பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். லாஃப்ட்டில் தண்ணீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால் இந்தத் தொல்லை உங்களுக்கு வராது.

எங்கள் வீட்டில் பழைய முறை ஹீட்டிங். சமையலறையில் கேஸ் பாய்லர், மாடியில் வெந்நீர் சிலிண்டர், லாஃப்ட்டில் ஹீட்டிங் பைப்புக்குத் தண்ணீர் தரும் ஒரு சின்னத் தொட்டி, வெந்நீரை ரேடியேட்டர்களுக்குச் சுற்றவிட ஒரு பம்ப். மாடி அறை ரேடியேட்டர் சரியாகச் சூடேறவில்லை என்று ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். "பம்ப் இருக்கிற இடமே தப்பு. பைப்பை மாற்றிப் போட்டு, பாய்லர் பக்கத்தில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார்கள். 1,150 பவுண்டு. வேலையை முடித்து, பம்ப் வேகத்தை 3-இல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஹீட்டிங் போட்டாலே லாஃப்ட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம். ஏறிப் பார்த்தால், தொட்டிக்கு மேலே வளைந்து நிற்கும் வென்ட் பைப்பிலிருந்து (காற்று வெளியேற விட்டிருக்கும் திறந்த பைப்) வெந்நீர் கொட்டுகிறது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். ரேடியேட்டரில் காற்றைத் திறந்துவிட்டால் மை மாதிரிக் கறுப்புத் தண்ணீர். பிளாஸ்டிக் தொட்டி சூட்டில் இளகக்கூடியது. அதற்கு நேர் கீழேதான் பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

திரும்பக் கூப்பிட்டோம். "பைப் முழுக்கச் சேறு அடைத்திருக்கிறது, பவர்ஃபிளஷ் செய்ய வேண்டும், இன்னும் 600 பவுண்டு" என்றார்கள். மெஷின் வைத்து வேகமாகத் தண்ணீர் விட்டுப் பைப்பைக் கழுவுவதுதான் அது. நீங்கள் கை வைக்கும்வரை ஒரு சொட்டுக்கூட மேலே வந்ததில்லையே என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

தெரிந்தவர் மூலம் ஒரு தமிழ் பிளம்பர் வந்தார். தொட்டியிலிருந்து இறங்கும் 15 மில்லிமீட்டர் ஃபீட் பைப், ஹீட்டிங் பைப்போடு சேரும் இடத்தில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்தார். ஒட்டாமல் கையோடு வந்துவிட்டது. "செம்புப் பைப்பில் காந்தம் ஒட்டாது தம்பி. உள்ளே அந்தக் கறுப்புச் சேறு அடைத்திருந்தால் ஒட்டும், அது இரும்புத் துருதானே. இங்கே அடைப்பே இல்லை. பம்பை வைத்த இடம்தான் கோளாறு" என்றார்.

அவர் விளக்கியது இதுதான். பம்ப் ஓடினாலும் நின்றாலும், ஃபீட் பைப் சேரும் இடத்தில் மட்டும் அழுத்தம் மாறாது. அதனால் பாய்லரிலிருந்து வரும் பைப்பில் முதலில் வென்ட், அடுத்து 150 மில்லிமீட்டருக்குள் ஃபீட், அதற்குப் பிறகுதான் பம்ப் வர வேண்டும். எங்கள் வீட்டில் பம்பை வென்ட்டுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். அது தள்ளும் தண்ணீர் நேரே வென்ட்டில் ஏறிவிட்டது. தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் வென்ட் 450 மில்லிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. 5, 6 மீட்டர் தள்ளக்கூடிய பம்புக்கு அது எம்மாத்திரம்! இப்படிக் கொட்டிக்கொண்டே இருந்தால் தண்ணீரில் காற்று கலக்கும், ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கும். அதாவது, எந்தச் சேற்றைக் கழுவ 600 பவுண்டு கேட்டார்களோ, அதை உண்டாக்கிக்கொண்டிருந்ததே அவர்கள் போட்ட பைப்தான். எனக்கு ஆறவே இல்லை.

வேனில் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு) முத்திரை இருக்கிறது என்பதற்காகப் பைப் வேலையையும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பதிவு கேஸ் பாதுகாப்புக்கு மட்டும்தான். தண்ணீர்ப் பக்கத்து வேலை மோசம் என்று அங்கே புகார் செய்ய முடியாது. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யாவிட்டால், செய்தவர்களே செலவில்லாமல் திருத்தித் தர வேண்டும். இல்லையென்றால் விலையைக் குறைக்க வேண்டும். எழுதிக் கேட்டோம், பதிலே இல்லை. முன்பணத்தை கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனத்திடம் கேட்டிருக்கிறோம். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருந்தால், முன்பணம் மட்டும் கார்டில் போயிருந்தாலும் முழு வேலைக்கும் அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. தனி பிளம்பரின் அறிக்கை கேட்டார்கள். பைப்பைத் திருத்துவதற்கு முன்பே எடுத்து வைத்த படங்களோடு அனுப்பியிருக்கிறோம். முடிவு இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது பம்பை மாற்றியிருந்தால், பாய்லர் நன்றாக ஆறியிருக்கும்போது வென்ட் நுனியை ஒரு கோப்பைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கீழே ஒருவரை ஹீட்டிங் போடச் சொல்லுங்கள். பம்ப் கிளம்பியதும் கோப்பைத் தண்ணீரை உறிஞ்சினால், காற்றையும் உறிஞ்சுகிறது. வென்ட்டிலிருந்து தண்ணீர் பொங்கி வந்தால் எங்கள் கதைதான். இரண்டில் எது நடந்தாலும் உடனே நிறுத்திவிட்டு, வேறொரு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.