கயிறா, கண்ணா? கலங்கல் கடலில் ஜோடியாக முங்குகிறவர்களுக்கு

போன வருடம் குமரிக் கடற்கரையில் கடியபட்டினம் பக்கத்துப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், முங்கும்போது என் மச்சினனைத் தொலைத்துவிட்டேன். பெரிய ஆழமில்லை, 9 மீட்டர்தான். பாறை இடுக்கில் ஒரு சிங்கி இறால் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் ஆளைக் காணோம். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன், பச்சைக் கலங்கல்தான் தெரிந்தது. ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் மேலே வா என்பது ஸ்கூபாவில், அதாவது சிலிண்டர் கட்டி முங்குவதில், முதலில் சொல்லித்தருகிற பாடம். அப்படியே வந்தேன். அவன் எனக்கு முன்பே மேலே வந்து, முப்பதடி தள்ளி மிதந்துகொண்டு, "எங்க மச்சான் போனீரு?" என்று என்னையே திட்டினான்.

அன்றிலிருந்து நாங்கள் கயிறு பிடித்துத்தான் முங்குகிறோம். அதனால் இந்த அலசல் நடுநிலையானது இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோடி பிரியாமல் இருக்க உள்ள மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிலிண்டரைத் தட்டிக் கூப்பிடுவது: சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாது. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விழுவதால் தலைக்குள்ளேயே யாரோ தட்டுவதுபோல இருக்கும். டார்ச் நல்லதுதான், ஆனால் கலங்கலில் அது மார்கழிப் பனியில் ஹைபீம் போட்ட மாதிரி. மேலே மிதவை கட்டுவது அவசியம், ஆனால் அது வள்ளக்காரர்கள் நம்மேல் ஏறாமல் இருக்க. ஜோடியைச் சேர்த்துவைக்கிற வேலை அதற்கு இல்லை. உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை போகாது என்பதால் ஜோடியைத் தேட மீயொலியில் (காதுக்குக் கேட்காத ஒலியில்) இயங்கும் கருவிகளும் வந்திருக்கின்றன. நான் கட்டிப் பார்த்ததில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

மிச்சம் இரண்டு: கண்ணும் கயிறும்.

கண்ணை நம்பி முங்குவதில் சுகம் உண்டு. இரண்டு கையும் சும்மா இருக்கும், படம் எடுக்கலாம், இழுபறி இல்லை. தை, மாசியில் முட்டத்துப் பாறைகளின் அடியில் தண்ணீர் தெளிந்து கிடக்கும்போது கயிறு வெறும் தொந்தரவு. ஒருவர் பின்னால் ஒருவராகப் போகாமல் தோளோடு தோளாகப் போனால் போதும். ஒன்று மட்டும் நினைவில் வேண்டும்: முகக்கண்ணாடி வழியே 4 மீட்டரில் இருப்பவர் 3 மீட்டரில் இருப்பதுபோலத் தெரிவார். பக்கத்தில்தானே இருக்கிறான் என்று தோன்றும்.

என் கணக்கில் முடிவு செய்கிற விஷயம் தூரமே இல்லை. பிரிந்துவிட்டோம் என்று தெரிய எவ்வளவு நேரமாகிறது என்பதுதான். பார்வை 2 மீட்டர்தான் எட்டுகிறது என்று வையுங்கள். பத்து நொடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கிறீர்கள், அதுவே நல்ல பழக்கம். மெதுவாகக் கால் அடித்தாலே நொடிக்கு அரை மீட்டர் போகலாம். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பத்து நொடியில் நடுவில் 10 மீட்டர் விழுந்துவிடும். அப்புறம் ஒரு நிமிடம் தேடல். அதன் பிறகும் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, ஆக இன்னொரு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தில் ஒருவருக்குக் காற்று தீர்ந்திருந்தால், அவருக்கு உதவும் இரண்டாவது ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சுவிடும் கருவி) அடுத்தவர் நெஞ்சில், ஒரு மீட்டர் குழாயின் முனையில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

கயிறு இருந்தால் அந்தப் பத்து நொடி ஒரு நொடியாகிவிடும். நான் குனிந்தால் அவன் கை இழுபடும். ஒரு இழு என்றால் சரியா, நாலு இழு என்றால் மேலே போவோம், விடாமல் இழுத்தால் ஆபத்து. நாங்களே பேசி வைத்துக்கொண்டதுதான், முங்குவதற்கு முன் கரையில் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். முத்துக்குளிக்கிறவர் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார், தன் அக்காளை அவன் தாலியறுக்க விடமாட்டான் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். என் மச்சினன் இதைச் சொல்லிச் சொல்லியே டீ வாங்கிக் குடிக்கிறான்.

கயிறு என்றால் எந்தக் கயிறும் ஆகாது. முதலில் மீன்பிடிச் சாமான் கடையில் மிதக்கிற பிளாஸ்டிக் கயிறு வாங்கினோம். அது மேல்நோக்கி வளைந்து சிலிண்டர் வால்வில் போய்ச் சிக்கியது. இப்போது இருப்பது தாழ்கிற நைலான், ஒன்றரை மீட்டர், விரல் மொத்தம். இரண்டு முனையிலும் கை தாராளமாகப் போய்வரும் வளையம். உடம்பில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. நம் பார்களில் அறுந்த வலைத் துண்டுகள் கிடக்கின்றன. கயிறு மாட்டினால் கையை உருவிவிட்டு வந்துவிட வேண்டும். கத்தி இல்லாமல் முங்குவதும் இல்லை. பராமரிப்பு என்றால் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் போடுவது மட்டும். அலசாவிட்டால் உப்பேறி வளையம் விறைத்து மணிக்கட்டைத் தேய்த்துவிடும்.

இதெல்லாம் சிலிண்டர் கட்டி முங்குகிறவர்களுக்கு. மூச்சடக்கிச் சிப்பி எடுக்கிற எங்கள் சித்தப்பாவிடம் கயிற்றைக் காட்டினேன். "எங்களுக்கு இது ஆகாது மக்ளே. ஒருத்தன் முங்குனா ஒருத்தன் மேல நின்னு பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது சரி. மூச்சடக்கி முங்குகிறவருக்கு மயக்கம் பெரும்பாலும் ஏறி வரும் கடைசிச் சில மீட்டரில்தான் வரும். அங்கே மேலே நிற்கிறவரின் கண்தான் வேண்டும்.

எங்கள் அனுபவம் 15 மீட்டருக்குள்தான். நீரோட்டம் பலமாக இருக்கிற நாளில் நாங்கள் இறங்குவதே இல்லை, அதனால் அங்கே கயிறு எப்படி என்று சொல்ல மாட்டேன். மூன்று பேர் என்றால் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை மச்சினனின் கூட்டாளியையும் சேர்த்து இரண்டு கயிறு போட்டுப் பார்த்தோம், நடுவில் நான். ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கோயில் திருவிழாவில் வடம் பிடித்த கதையாகி, கால்மணி நேரத்தில் மூவரும் மேலே வந்துவிட்டோம்.