ஒரு கையில் குழந்தை இருக்கும்போது: தமிழ்க் குரல் தட்டச்சு, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுக்கும்போதுதான் நாள் முழுவதும் தேடிய வரி நினைவுக்கு வரும். அவளைப் படுக்க வைத்துவிட்டு மேசைக்குப் போவதற்குள் அது மறந்திருக்கும். பிள்ளை வளர்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள் எல்லோரும் அறிந்த இழப்பு இது. இதைக் கொஞ்சமாவது குறைக்க முடியுமா என்று பார்க்கவே, கைப்பேசி விசைப்பலகையோடு வரும் தமிழ்க் குரல் தட்டச்சை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன்.

என் விரல்கள் தமிழ்99 என்னும் தமிழ் விசைப்பலகை முறைக்குப் பழகியவை. 1999ஆம் ஆண்டு தரப்படுத்தப்பட்ட அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், இரண்டு கைகளும் மாறி மாறி இயங்க, வேகம் தானாக வந்துவிடும். ஆனால் ஒரு கை குழந்தையிடம் போய்விட்டால் அந்த வேகமும் கூடவே போய்விடுகிறது. ஒலிவாங்கிப் பொத்தானை ஒருமுறை தொட்டுவிட்டுப் பேசத் தொடங்கினால் போதும் என்பதுதான் குரல் தட்டச்சின் முதன்மையான பலன். அந்த ஒன்றுக்காகவே இதை எந்தத் தயக்கமுமின்றிப் பாராட்டுவேன்.

ஒன்று முதல் இரண்டு வயதுவரையிலான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றினாலும், அதில் பெரும்பகுதி நாமும் தூங்கியாக வேண்டிய இரவு. எழுத்துக்கு மிஞ்சுவது பகலில் கிடைக்கும் ஒரு மணியோ ஒன்றரை மணியோதான். முன்பெல்லாம் அந்த நேரம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே கழிந்துவிடும். இப்போது, காலையில் துணி மடித்தபடி சொல்லி வைத்த பத்துப் பதினைந்து வரிகள் எனக்காகக் காத்திருப்பதால், உட்கார்ந்தவுடன் திருத்தத் தொடங்கிவிடுகிறேன்.

அந்தத் திருத்தம் சிறிய வேலையன்று. 'எழுதிப் பார்த்தேன்' என்று சொன்னால் 'எழுதி பார்த்தேன்' என்று ஒற்று விழுந்த நிலையில்தான் வருகிறது. ல, ள, ழ வேறுபாட்டை நாம் சரியாக உச்சரித்தாலும் அது சில நேரம் குழப்பிக்கொள்கிறது. நிறுத்தக்குறிகள் என் கைப்பேசியில் வருவதே இல்லை. அதனால் அரைப்பக்கம் முழுவதும் ஒரே நீண்ட வாக்கியமாகக் கிடக்கும். அடுத்த சொல்லை யோசிக்கச் சற்றுத் தாமதித்தால் பதிவு நின்றுவிடுகிறது. யோசித்து யோசித்து எழுதும் இயல்புடையவருக்கு இது பெரிய குறை. நான் முழு வாக்கியத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே வாய் திறக்கப் பழகிக்கொண்டேன். பேச்சின் ஓட்டம் எழுத்திலும் ஏறிவிடுவதால், தேவையற்ற 'அப்புறம்', 'அதாவது' போன்ற சொற்களையும் களைய வேண்டியிருக்கிறது.

தூங்கும் குழந்தையின் அருகில் பயன்படுத்த நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கிசுகிசுத்தால் இந்தக் கருவி பெரிதும் தடுமாறுகிறது. கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. வெறும் மூச்சொலியிலிருந்து அது சொற்களை ஊகித்தாக வேண்டும். கைப்பேசியை வாய்க்கு அருகில் பிடித்து, தாலாட்டின் கடைசி வரியைப் பாடும் அளவுக்குத் தணிந்த, ஆனால் உண்மையான குரலில் பேசினால் பிழைகள் வெகுவாகக் குறைகின்றன. என் மகள் அந்தக் குரலுக்கு விழிப்பதில்லை; சில நாள் அதைக் கேட்டபடியே உறங்கியும் போயிருக்கிறாள்.

விழித்திருக்கும்போதுதான் சிக்கல். ஒரு மாலையில் அவள் தரையில் விளையாடிக்கொண்டிருக்க, "அந்த மழைக்காலத்தில் யாரும் வரவில்லை" என்று ஒரு கதையின் முதல் வரியைச் சொன்னேன். பொம்மையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "யாரு வரல?" என்று கேட்டாள். திரையில் என் வரிக்குப் பக்கத்திலேயே அவளுடைய கேள்வியும் பதிவாகியிருந்தது. வீட்டில் அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. அம்மா பேசினால் அது தன்னிடம்தான் என்று அவள் நினைத்ததில் தவறே இல்லை. கைப்பேசியை வைத்துவிட்டு, யார் வரவில்லை என்பதை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் விழித்திருக்கும் நேரத்தில் ஒலிவாங்கியைத் தொடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.