பழைய காரின் அடிப்பகுதிக்கு எந்தப் பூச்சு: தார், துருமேல் பெயின்ட், எபாக்ஸி, மெழுகு

நான் வாங்கிய மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரின் அடிப்பகுதி பார்க்க அருமையாக இருந்தது. சீரான கறுப்பு, எங்கும் துருவின் சுவடே இல்லை. விரலால் அழுத்தினால் ரப்பர் போல லேசாக அமுங்கியது. கார் வீட்டுக்கு வந்த பிறகு ஓர் ஓரத்தில் சுரண்டியை வைத்துத் தள்ளினேன். பூச்சு பாய் போலச் சுருண்டு வந்தது. அதன் உள்பக்கம் முழுக்க ஈரத் துரு. அடியில் இருந்த தரைத்தகட்டில் ஸ்குரூடிரைவர் வைத்தால் உள்ளே போய்விடும் நிலை. முந்தைய வேலையைச் செய்தவர்கள் துருவை நிறுத்தவில்லை, மூடி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து எந்தப் பூச்சைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான்: இது உடையும் நாளில் அது என் கண்ணுக்குத் தெரியுமா, அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியுமா? எல்லாப் பூச்சும் ஒருநாள் உடையும். கல் தெறிக்கும், ஜாக் உரசும், இரண்டு தகடு சேரும் மூட்டுகள் ஓட்டத்தில் அசையும். எத்தனை வருடம் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருப்பதைவிட, உடைந்த பிறகு என்ன நடக்கும் என்பதை வைத்து ஒப்பிடுவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

முதலில் சுத்தம் செய்வது பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பூச்சுத் தேர்வு இதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மணல் வீச்சு எனப்படும் பிளாஸ்டிங், குழிகளுக்குள் இருக்கும் துருவையும் எடுத்துவிடும். கனமான சேசிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் தரைத்தகடு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. அதிக அழுத்தத்தில் ஒரே இடத்தில் அடித்தால் நெளிந்துவிடும், பிறகு நேராக்குவது பெரும்பாடு. சாதாரண மணலின் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கார்னெட் போன்ற மாற்றுத் துகள்களைத்தான் கேட்க வேண்டும். பிளாஸ்டிங் முடிந்த வெற்று இரும்பு சில மணி நேரத்திலேயே செம்மை தட்டத் தொடங்கும். அதனால் வெற்று இரும்பில் முதலில் அடிக்கும் ப்ரைமர் தயாராக இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கவே கூடாது. மெல்லிய தகடுகளுக்குச் சுரண்டியும் மிதமான சூடும், அப்புறம் கம்பி பிரஷும்தான் என் வழி. ஒரு எச்சரிக்கை: பழைய அடிப்பூச்சுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கிரைண்டர் வைத்துப் பொடியாக்காதீர்கள். முதலில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

தார், ரப்பர் வகை

இதன் கவர்ச்சி புரிகிறது. ஒரே நாளில் முடியும், சாலைச் சத்தம் குறையும், மேடு பள்ளம் எல்லாம் மறையும். 1950களிலும் 60களிலும் புதுக் கார் வாங்குபவர்களுக்குக் கூடுதல் வேலையாக விற்கப்பட்டதும் இதுதான். புதுத் தகட்டின் மேல் அடித்தவரை அது ஓரளவு பயன் தந்தது.

சிக்கல் வயதாகும்போது வருகிறது. தாரில் இருக்கும் இளக்கம் தரும் பொருள்கள் மெல்ல வெளியேற, பூச்சு இறுகி வெடிக்கிறது. முடி அளவு வெடிப்பு போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே வர வழி இருக்காது. மூடப்படாத தகடு மழைக்குப் பின் காய்ந்துவிடும். இந்தப் பூச்சின் அடியில் உள்ள தகடோ வாரக்கணக்கில் ஈரத்திலேயே இருக்கும். வெளியே கறுப்பு அப்படியே நிற்பதால் நமக்கு எதுவும் தெரியாது. என் கேள்வியின் இரண்டு பக்கத்திலும் தோற்கும் தேர்வு இது. விற்பதற்காகப் புதுப்பிக்கப்பட்ட காரில் இதைப் புத்தம் புதிதாகப் பார்த்தால், அடியில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள்.

லாரிப் பெட்டிகளின் தரைக்கு அடிக்கும் தடித்த பாலியூரிதேன் பூச்சை இதன் நவீன உறவினர் எனலாம். தாரைவிடப் பல மடங்கு உறுதி, எளிதில் வெடிக்காது. கல்லடி அதிகம் வாங்கும் வண்டிக்கு நல்லது. ஆனால் அதன் சொரசொரப்பும் தடிமனும் அடியில் நடப்பதை மறைக்கும். பின்னாளில் அங்கே வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் அதை அகற்றுவது கொடுமையான வேலை, எரிந்தால் நச்சுப் புகை. பழைய காருக்கு எப்போதாவது வெல்டிங் வந்தே தீரும்.

துருமேல் அடிக்கும் பெயின்ட்

போர்-15 (POR-15) என்ற பிராண்ட் போன்றவை இந்த வகை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் யூரிதேன். இறுகிய பிறகு கல் போல இருக்கும். தோலில் பட்டால் அது தானாக உரிந்து விழும்வரை போகாது, டப்பா மூடியும் ஒட்டிக்கொள்ளும். மூடுவதற்கு முன் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாள் வைப்பது நல்லது.

இதைப் பலர் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். தளர்ந்த துருவை எடுத்தபின் மிஞ்சும் குழி விழுந்த, சொரசொரப்பான இரும்புதான் இதற்குப் பிடித்த இடம். அங்கே பல் பதித்ததுபோல் பிடிக்கும். புதிதாக வெட்டி ஒட்டிய வழுவழுப்பான தகட்டில் நேரடியாக அடித்தால் பிடிப்பு போதாது, சில வருடங்களில் தாள் தாளாக உரியும். பிறகு ‘மட்டமான சரக்கு’ என்று திட்டுவார்கள். வழுவழுப்பான தகட்டில் அடித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உப்புத்தாள் போட்டு, பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் தயார்செய்து, நன்றாகக் கழுவி, முழுதாகக் காயவிட வேண்டும். செதில் செதிலாக ஆடும் துருவின் மேலும் இது நிற்காது. துரு உதிரும்போது பெயின்டும் கூடவே வரும்.

வெயில் பட்டால் நிறம் மங்கும் என்பது அடிப்பகுதிக்குப் பெரிய குறை இல்லை. வெளியே தெரியும் ஓரங்களுக்கு மேலே வேறொரு கோட் கொடுத்தால் போதும். ஆனால் அந்தக் கோட்டை இது முழுதாக இறுகுவதற்கு முன், விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் கொடுத்துவிட வேண்டும். பதம் தவறினால் முழுவதையும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கும். பேட்டரித் தட்டு, சேசிஸின் குழி விழுந்த மூலைகள் போன்ற இடங்களுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். அடிப்பகுதி முழுக்க என்றால் வேண்டாம்.

எபாக்ஸி ப்ரைமரும் மேல் கோட்டும்

என் ஓட்டு இதற்கு. காரணம் பளபளப்பு இல்லை. ஹார்ட்னர் எனும் இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரண்டு பாக எபாக்ஸி சுத்தமான இரும்பை இறுகப் பற்றும், ஈரத்தை எளிதில் உள்ளே விடாது. இதில் கல் பட்டுத் தெறித்தால் துரு பெரும்பாலும் அந்தப் புள்ளியிலேயே நிற்கும், தாரைப் போல அடியில் எளிதில் ஊர்ந்து பரவாது. வெளிர் சாம்பல் நிறம் எடுத்தால் கடுகளவு துருவும் ஆரஞ்சுப் பொட்டாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் தேய்த்து, துடைத்து, மறுபடி தொட்டுவிடலாம்.

பழைய ரெட் ஆக்ஸைடு ப்ரைமரை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தச் செம்மை நிறம் தரும் இரும்பு ஆக்ஸைடு துருவைத் தடுப்பதில்லை. பழைய ஒற்றைப் பாக ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும், மேல் கோட் இல்லாமல் விட்டால் அதன் வழியாகவே துரு வரும். 1960களின் அமெரிக்கக் கார்கள் பலவற்றில் தரையின் அடிப்பக்கம் செம்மை ப்ரைமராகவும், ஓரங்களில் மேல்நிறம் தூவானமாகப் படிந்தும் இருக்கும். அசல் தோற்றம் வேண்டுபவர்கள் செம்மை நிற எபாக்ஸி வாங்கி அடித்தால் தோற்றமும் கிடைக்கும், காப்பும் கிடைக்கும்.

எபாக்ஸி கேட்கும் உழைப்பு அதிகம் என்பதை மறைக்க முடியாது. தகடு உண்மையாகவே சுத்தமாக இருக்க வேண்டும். துருமாற்றி அமிலத்தின் மிச்சம் இருந்தால் பிடிக்காது. அமிலம் கலந்த எட்ச் ப்ரைமரின் மேல் அடிப்பதையும் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்கிறார்கள். குளிரில் சரியாக இறுகாது. மேல் கோட் கொடுக்க ஒரு கால வரம்பு உண்டு. அது தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டும், டப்பாத் தாளில் எழுதியிருக்கும். மூட்டுகளின் இடுக்கை அடைக்கும் சீலரை வெற்று இரும்பில் வைக்காமல், எபாக்ஸி அடித்த பிறகு அதன் மேல் வைக்க வேண்டும். இந்த வரிசை மாறியதால் கெட்ட கார்கள் ஏராளம்.

மேல் கோட்டாக இரண்டு பாக யூரிதேன் அடிப்பவர்கள் மூச்சு விஷயத்தில் அலட்சியமாக இருக்கக் கூடாது. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடல் அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறு அளவுகூட மூச்சுத் திணறலைத் தரும். அதற்கு வாசனை எச்சரிக்கை கிடையாது, கார்பன் வடிகட்டி முகமூடியை நம்பக் கூடாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அது இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: எபாக்ஸியைப் பிரஷாலும் சின்ன ரோலராலும் அடிக்கலாம். பிரஷ் தடம் ஓரளவு தானே சமமாகும், அடிப்பகுதிக்கு அது தாராளம். ஐசோசயனேட் இல்லாத ஒற்றைப் பாக சேசிஸ் கறுப்பையும் மேலே பிரஷால் கொடுக்கலாம். ஆயுள் குறையும், ஆனால் உடல் முக்கியம்.

கழற்றும் பாகங்களுக்கு

பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் படிய வைக்கும் பவுடர் கோட்டிங் ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைக்கப்படுகிறது. புஷ், பால் ஜாயின்ட், சீலர் எல்லாம் முன்பே கழற்றப்பட்டிருக்க வேண்டும். சஸ்பென்ஷன் கைகளுக்கு அழகாக வரும். உள் மூலைகளில் பவுடர் சரியாகப் படியாது என்பதும், ஓரம் உடைந்தால் துரு அடியில் ஊர்ந்து போகும் என்பதும் குறைகள். எபாக்ஸியைப் போல ஓர் இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடியாது. சூடான துத்தநாகத் தொட்டியில் முக்கும் கால்வனைசிங் தனிச் சேசிஸுக்கு உன்னதமானது. பழைய லேண்ட் ரோவர்களுக்கு அப்படி முக்கி எடுத்த மாற்றுச் சேசிஸே விற்கிறார்கள். ஆனால் தொட்டி சுமார் 450 டிகிரி. மைனர் போல உடலும் சேசிஸும் ஒன்றான காரின் மெல்லிய தகட்டுக்கு அது ஒத்துவராது.

மெழுகும் லனோலினும்

மெழுகும், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் பிசுக்கான லனோலினும் மற்றவற்றுக்குப் போட்டி இல்லை, துணை. இறுகாமல் இளகியே இருப்பதால் மூட்டுகளின் இடுக்குகளுக்குள் தானாகவே ஊர்ந்து போகும். கதவுக்குக் கீழே உள்ளே வெற்றாக இருக்கும் கதவடிப் பெட்டிகளின் உள்பக்கத்துக்கு எந்தப் பெயின்டும் செய்ய முடியாததை மெழுகு செய்யும். நிறமற்றதை வாங்கினால் அடியில் இருப்பதும் தெரியும். தூசு ஒட்டும், வருடா வருடம் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, அதனால் எல்லா வேலையும் முடிந்த பிறகே இதைத் தொட வேண்டும். பிரேக், எக்ஸாஸ்ட், ரப்பர் புஷ் பக்கம் போகக் கூடாது.

என் மைனரில் கடைசியில் செய்தது இதுதான். சுரண்டுவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். தொழிற்சாலைக் குறிகளும் பெயின்ட் தூவானமும் போனால் போனதுதான். தரை முழுக்க வெளிர் சாம்பல் எபாக்ஸி இரண்டு கோட், பிரஷால். குழி விழுந்திருந்த பின் லீஃப் ஸ்பிரிங் தாங்கிகளில் துருமேல் பெயின்ட். சக்கர வளைவுகளில் மட்டும் எபாக்ஸியின் மேல் மெல்லிய கல்லடிப் பூச்சு, அதன் மேல் காரின் நிறம். பெட்டிகளுக்குள் மெழுகு. பெயின்ட் அடிக்கும்போது வடிகால் துளைகளில் மரக்குச்சி செருகி வைத்து, அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணி எடுத்தேன்.

போன முறை காரைத் தூக்கியபோது, இடது பக்கத் தரையில் ஜாக் உரசிய இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது. உப்புத்தாள், தின்னர், சின்னப் பிரஷ். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.