உரையா, முன்வாசிப்பா? பாலக்காட்டு எல்லையில் தத்துவக் கருத்தரங்கு

தத்துவத் துறைக் கூட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்றில் வந்தவர் 45 நிமிடம் பேசுவார், பிறகு கேள்விகள். மற்றதில் கட்டுரை ஒரு வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போய்விடும். இந்த முன்வாசிப்பு முறையில் கூட்டம் முழுக்க விவாதம்தான். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் கேட்கும் அரங்குக்கு இரண்டாவதே நல்லது. காரணம் மொழி.

‘பிரமாணம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் காதுக்கு அது சத்தியம் செய்வது. மலையாளத்தில் நிலப் பத்திரத்தையும் அப்படிச் சொல்வார்கள். நியாயம் என்ற இந்தியத் தர்க்க மரபில் அறிவு பிறக்கும் வழி. மணிமேகலையில் ‘அளவை’ என்று வருவதும் அதுதான். உரையில் இந்தச் சொல்லை மாணவி பிடித்து நிதானிப்பதற்குள் பேச்சு அனுமானத்தை (ஊகித்தறிவது) தாண்டிச் சப்தத்துக்கு (நம்பத்தக்கவர் சொல்) போயிருக்கும். கையில் கட்டுரை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ‘அளவை’ என்று எழுதிவிட்டு மேலே படிப்பார்.

அதற்காக உரையை ஒதுக்க முடியாது. பிற துறையினரும் இளங்கலை மாணவர்களும் படிக்காமலே வந்து உட்காரலாம் என்பது பெரிய வசதி. கெடுவது எங்கே என்றால், இதழுக்கு எழுதிய கட்டுரையை அப்படியே வாசிப்பதில். நிமிடத்துக்கு 130 ஆங்கிலச் சொல் என்றால் 45 நிமிடத்தில் 6,000 கூட வராது. 9,000 சொல்லோடு வருபவர் ஓட்டமாக ஓடி, முக்கியமான கடைசிப் பகுதியை விழுங்கிவிடுவார். அதற்குப் பதில் ஒரே ஒரு ஏ4 தாள், இரண்டு பக்கமும்: வாதத்தின் படிகள் எண்ணிட்டு, மேற்கோள்கள், அடியில் கலைச்சொற்கள் மூன்று மொழியிலும். எண் இருந்தால், ஆங்கிலம் சரளமாக வராதவரும் “மூணுல இருந்து நாலு எப்படி வரும்?” என்று கேட்டுவிடலாம். அதைவிடக் கூர்மையான கேள்வி அரங்கில் அபூர்வம்.

உரை முடிந்ததும் 5 நிமிடம் இடைவேளை விடுங்கள்; கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கும். முதல் கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும். புதுக் கேள்விக்குக் கை, நடந்துகொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சிக்கு விரல் என்ற வழக்கம் நல்லது. விரலை நீட்டிப் புதுக் கேள்வி கேட்பவரைத் தலைவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

முன்வாசிப்புக்கு எமன், படிக்காமல் வருவது. பேச்சாளர் இரக்கப்பட்டு அரை மணி நேரம் சுருக்கம் சொல்லத் தொடங்கினால் அது தயாரிப்பில்லாத உரையாகிவிடும். ஆகவே 6,000 சொல்லுக்கு மேல் அனுப்ப வேண்டாம். முந்தின இரவு 8 மணிக்குள் ஒவ்வொருவரும் பக்க எண்ணோடு இரண்டு வரிக் கேள்வி அனுப்பட்டும்; தமிழிலோ மலையாளத்திலோ எழுதலாம். கூட்டத்தில் கட்டுரையாசிரியர் முதலில் பேசவே கூடாது. ஒரு மாணவர் அவருடைய வாதத்தை 5 நிமிடத்தில் தன் மொழியில் எடுத்துச் சொல்லி, சரிதான் என்று அவர் ஒப்பிய பிறகே மறுப்பு. ஆங்கிலம் மட்டும் அறிந்த விருந்தினர் என்றால் பக்கத்தில் ஒருவர் மொழிபெயர்க்கலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கம் என்ற பகுதியும் எதிர்க்கொள்கையைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறது. பின்பு கட்டுரையின் ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம் விவாதம்.

இதெல்லாம் 12, 15 பேர் ஒரே மேசையைச் சுற்றி இருந்தால்தான் நடக்கும். 20 பேரைத் தாண்டினால் பின்வரிசை வேடிக்கைதான் பார்க்கும். அன்றைக்குத் தாள் கொடுத்து உரையாக மாற்றிவிடுங்கள்.