நாய்க்குப் பட்டியும் தகடும்: வன்னி வளவுகளில் சில மாரி தாண்டிய அனுபவம்

வெளிநாட்டு நாய் வளர்ப்புக் கையேடுகளில் வழக்கமாக ஒரு அறிவுரை இருக்கும். பகலில் கழுத்துப் பட்டியைப் போடுங்கள், இரவு படுக்கும்போது கழற்றிவிடுங்கள் என்பார்கள். இலங்கையின் வன்னியில் அப்படியே செய்தால், பட்டி தேவைப்படும் நேரத்தில் அது ஆணியில் தொங்கும். இங்கே நாய்க்கு வேலை நேரம் இரவு. பகல் முழுக்க மாமரத்தடியிலோ பத்தியிலோ கட்டிக் கிடக்கும், பொழுதுபட்டதும் சங்கிலியை அவிழ்ப்போம். அவிழ்த்த நாய் வளவுக்குள் நிற்குமா? வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பக்கத்து வயல், குளக்கட்டு, சில ஊர்களில் ஏ9 வீதி, புகையிரதப் பாதை என்று ஒரு சுற்றுச் சுற்றி விடியத்தான் வரும்.

ஆகவே "எப்போதும் பட்டி வேண்டுமா" என்ற கேள்விக்கு எங்கள் பதில் இது. அவிழ்த்துவிட்டிருக்கும் நேரம் முழுக்க வேண்டும், அதில் போன் நம்பர் வெட்டிய தகடும் வேண்டும். ஆனால் நாளுக்கு இரண்டு மணித்தியாலமாவது, கேற்றைப் பூட்டி வீட்டில் ஆள் நிற்கும்போது, கழுத்து வெறுமையாக இருக்கவேண்டும். அதோடு, கட்டி வைக்கிற பட்டி வேறு, அடையாளப் பட்டி வேறு. அநேகமான வீடுகளில் ஒரே பட்டிதான் இரண்டுக்கும். கழுத்துப் புண்ணும் வேலியில் மாட்டுப்படுவதும் பெரும்பாலும் அதனால் வருகிறவை.

தொலைந்த நாய் திரும்பி வருவதற்குத்தான் தகடு என்று நினைப்பது பாதி உண்மை. ஊர் நாய் பெரும்பாலும் தானே வழி பிடித்து வந்துவிடும். தகட்டின் பெரிய பயன் மற்றவர்களுக்கு. இரவு சைக்கிளில் போகிற ஒருவரை நாய் கடித்துவிட்டது என்று வையுங்கள். கழுத்தில் ஒன்றும் இல்லையென்றால் அது கட்டாக்காலி. கடிபட்டவர் ஆஸ்பத்திரியில் "ஒரு மண்ணிற நாய்" என்பதற்கு மேல் சொல்ல ஏதும் இராது. இலங்கையில் கடித்த நாயை 14 நாள் கவனிக்கச் சொல்வார்கள். நாய் யாருடையது, தடுப்பூசி ஒழுங்காகப் போட்டதா, இந்த 14 நாளும் சுகமாக நிற்கிறதா என்பதெல்லாம் வைத்தியரின் முடிவில் சேரும். நாயையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் விசர்நாய் என்று வைத்துத்தான் சிகிச்சை தொடங்கவேண்டும். தகட்டில் இருக்கும் பத்து இலக்கம் கடிபட்டவரின் 14 நாள் பயத்தைக் குறைக்கும். நாய்களை உள்ளூராட்சி சபையில் பதியவேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1901 இலேயே வந்தது. பதிவைவிட, வீதியில் நிற்கிறவரின் கண்ணுக்குத் தெரிகிற அடையாளம்தான் அந்த நேரத்தில் உதவும்.

இனிப் பட்டியின் பொருள். தோல் பட்டி பார்வைக்கு நல்லது, கோடையில் கழுத்துக்கும் மெத்தென்று இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்ததும் அதன் குணம் மாறும். நனைந்த தோல் முழுதாகக் காய இரண்டு மூன்று நாள் வெயில் வேண்டும், மாரியில் அது கிடைக்காது. உட்பக்கம் பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகும். காய்ந்தபின் சுருங்கும், அதனால் நேற்று அளவாக இருந்த பட்டி இன்று இறுக்கும். தேங்காயெண்ணெய் பூசினால் எறும்பு வரும், கூட நிற்கிற நாயும் சப்பித் தின்னும். வன்னிக்குத் தோல் பட்டி வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு.

நைலோன் பட்டி மலிவு, எந்தப் பட்டணத்திலும் கிடைக்கும். 10 முதல் 20 கிலோ நாய்க்கு 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் அகலம் சரி. அதைவிட ஒடுக்கமானது மயிரை அறுத்துத் தோலில் கோடு போடும். வாங்கும்போது நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், நூல் எழும்பினால் அது ஒரு மாரிக்கும் தாங்காது. நைலோனின் குறை, தண்ணீரைப் பிடித்து வைப்பது. குளத்தில் இறங்கி வந்த நாயின் முதுகு ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், பட்டிக்குக் கீழே பின்னேரம் வரைக்கும் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தில் மண்ணும் அழுக்கும் சேர்ந்து உரஞ்சும். புண் கண்ணுக்குத் தெரியமுதல் மூக்குக்குத் தெரியும். பட்டியைத் தூக்கி மணந்து பார்த்தால் புளித்த வாடை அடிக்கும். அடுத்தது, நாய் பின்னங்காலால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சொறியும். அந்த நிலையிலேயே பட்டியைக் கழற்றி, அவ்விடத்து மயிரை ஒட்ட வெட்டி, அரை லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்துத் துடைத்துக் காயவிட்டால் சில நாளில் ஆறும். சீழ் கண்டால் கைவைத்தியம் போதாது, கால்நடை வைத்தியரிடம் காட்டவேண்டும்.

எங்கள் அனுபவத்தில் மாரியை நன்றாகத் தாண்டுவது பிளாஸ்ரிக் பூச்சுள்ள நாடாப் பட்டி. பயோதேன் என்ற பெயரில் வருவது அந்த வகை. தண்ணீர் ஊறாது, சேற்றோடு வந்தால் துணியால் துடைத்தால் போதும், வாடையும் பிடிக்காது. நைலோனைவிட விலை கூட, அநேகமாக ஒன்லைனில்தான் எடுக்கவேண்டி வரும். தடித்ததை எடுக்காதீர்கள். அதன் நுனி வளையாமல் தாடைக்குக் கீழே குத்தும்.

பட்டியைவிட முதலில் உடைவது அதன் உலோகம். முல்லைத்தீவுக் கரையோரம் உப்புக்காற்று, உள்ளே பல இடங்களில் கல்சியம் கூடிய கிணற்றுத் தண்ணீர். வெள்ளிபோலப் பளபளக்கும் மலிவு வளையத்தின் உள்ளே இருப்பது இரும்பு. மேற்பூச்சு உரிந்தால் துரு நாடாவையும் தின்னும். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். வளையம் காந்தத்தில் இறுக ஒட்டினால் இரும்பு. பித்தளையும் நல்ல எவர்சில்வரும் அப்படி ஒட்டாது.

அளவு எடுக்கத் தையல் நாடா போதும். கழுத்தின் நடுவில் சுற்றி எடுங்கள், பட்டியைப் பூட்டியபின் இரண்டு விரல் தட்டையாக உள்ளே போகவேண்டும். ஊர் நாய்களில் ஒரு சிக்கல் உண்டு. தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே சுற்று. பயந்து பின்னுக்கு இழுத்தால் பட்டி காதைத் தாண்டிக் கழன்றுவிடும். அப்படிப்பட்ட நாயை வைத்தியரிடம் கொண்டு போகும்போது, இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி நிற்கும் இரட்டை வளையப் பட்டியோ நெஞ்சுப் பட்டியோ போடுங்கள். அவிழ்த்துவிடும்போது அந்த இரட்டை வளையத்தைக் கட்டாயம் கழற்றவேண்டும், தொங்குகிற வளையம் கொப்பில் மாட்டும். முழுக்க இறுகும் சங்கிலியை ஆள் பக்கத்தில் இல்லாமல் ஒரு நிமிடமும் விடக்கூடாது.

குட்டிகளைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். இரண்டு மாதத்தில் கட்டின கயிறு நாலாம் மாதத்தில் கழுத்துக்குள் போய்விடும். வெளியில் பார்த்தால் கயிறே தெரியாது, மயிருக்கு நடுவே ஈரமான ஒரு கோடு மட்டும் தெரியும். விரலை வைத்தால்தான் சதைக்குள் புதைந்த முடிச்சு தட்டுப்படும். அதை வீட்டில் இழுத்து எடுக்க முயலாதீர்கள், மயக்கி எடுக்கவேண்டிய காயம் அது. ஆறு மாதம் வரைக்கும் கிழமைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை என்று ஒரு நாளை வைத்து, இரண்டு விரல் போகிறதா என்று பாருங்கள். குட்டிக்கு நைலோன் கயிறு, வயர், சீலைக்கரை எதுவும் வேண்டாம். இழுத்து நீட்டக்கூடிய கிளிப் பட்டி ஒன்று போதும்.

அடையாளப் பட்டி கட்டுப் பட்டியிலிருந்து ஏன் பிரியவேண்டும் என்பதற்குக் காரணம் எங்கள் வேலிகள். கருக்குமட்டை வேலியின் பல் பட்டிக்குள் கொளுவும். முட்கம்பி வேலியில் கீழ்க் கம்பிக்கு அடியால் நுழைகிற நாயின் பிடரியில் முள் பிடிக்கும். இரண்டு நாய் கடிபட்டு விளையாடும்போது ஒன்றின் கீழ்த்தாடை மற்றதின் பட்டிக்குள் சிக்கி, இரண்டும் சுழன்று இறுகும். கட்டுகிற பட்டி அறாமல் இருக்கவேண்டும், அடையாளப் பட்டியோ அறவேண்டிய நேரத்தில் அறவேண்டும். இழுத்தால் கழருகிற கிளிப்புடன் பட்டிகள் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் கையால் செய்யலாம். பட்டியின் இரு நுனியிலும் ஒரு டி வளையம் தைத்து, இரண்டையும் சைக்கிள் ரியூபிலிருந்து 5 மில்லிமீற்றர் அகலத்தில் குறுக்காக வெட்டிய றப்பர் வளையத்தால் இணையுங்கள். நாயின் நிறையில் பாதிக்குத் தண்ணீர் வாளி ஒன்றை அதில் தொங்கவிட்டுப் பாருங்கள். நாயின் தலை கழருமளவு றப்பர் நீளவேண்டும், இல்லையென்றால் அறவேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் இன்னும் ஒடுக்கமாக வெட்டுங்கள். வெயிலில் றப்பர் வெடிக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். இந்தப் பட்டியில் சங்கிலி கொளுவவே கூடாது.

தகடுகளில் அதிகம் ஏமாற்றுவது நிறம் பூசிய அலுமினியம். லேசரால் மேல் நிறத்தை மட்டும் போக்கி எழுதுவதால் புதிதில் எழுத்துப் பளிச்சென்று இருக்கும். மணலில் குழி தோண்டிப் படுத்தெழும்புகிற நாயில் அது அரம் போட்டதுபோலத் தேயும், முதலில் போவது நம்பரின் கடைசி இலக்கங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். தகட்டின் வட்டத் துளை மேல்பக்கம் இழுபட்டு முட்டை வடிவாகியிருக்கும். வளையத்துக்கும் தகட்டுக்கும் இடையே மணல் புகுந்து, நாய் ஓடும் ஒவ்வொரு அடிக்கும் அரைத்த வேலை அது. எஸ் வடிவக் கொளுக்கி இன்னும் மோசம், வாய் விரிந்து தகடு எங்கோ விழுந்துவிடும். தொங்கும் தகடுதான் வேண்டுமென்றால், திறப்பு வளையம் மாதிரி இரட்டைச் சுற்று உள்ள, கம்பி 1.5 மில்லிமீற்றருக்குக் குறையாத எவர்சில்வர் வளையம் எடுங்கள்.

தொங்காத தகடே மேல். 1.5 மில்லிமீற்றர் தடிப்பான பித்தளைத் தகட்டில் 5 சென்ரிமீற்றர் நீளம், 1.5 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவியுங்கள். 3 மில்லிமீற்றர் இலக்க அச்சு வைத்துச் சுத்தியலால் அடித்தால் இரண்டு வரி பிடிக்கும், இரண்டு நம்பர். அச்சு அடிக்கும்போது கீழே தடித்த இரும்பு இருக்கவேண்டும், மரக்கட்டையில் வைத்தால் தகடு குழிந்துவிடும். அடித்தபின் 4 அங்குல பிவிசி குழாயில் வைத்து வளைத்தால் கழுத்தோடு ஒட்டும். மூலைகளை அரத்தால் உருட்டி, இரு பக்கமும் றிவெற் அடித்து, உள்பக்கத் தலை தோலில் படாமல் ஒரு துண்டு நாடா தையுங்கள். திறப்பு வெட்டுகிற இடங்களிலோ நகை வேலை செய்பவரிடமோ கேட்டால் செய்து தருவார்கள். சத்தம் போடாது, வேலியில் கொளுவாது, ஆண்டுக்கணக்கில் வாசிக்கலாம்.

எழுத வேண்டியது போன் நம்பர், இடம் இருந்தால் ஊர்ப்பெயர். இலக்கத்தைத் தமிழரும் சிங்களவரும் ஒரே மாதிரி வாசிப்பார்கள், வவுனியாப் பக்கம் இது முக்கியம். நாயின் பெயரை எழுதவேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிடித்துக்கொண்டு போகிறவனிடமும் வரும். தடுப்பூசி விபரம் தகட்டில் வேண்டாம், வருடாவருடம் மாறுவது அட்டையில் இருக்கட்டும்.

மைக்ரோசிப் நல்லதுதான். அரிசிமணி அளவு, தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைப்பது, அதில் 15 இலக்க எண் ஒன்று இருக்கும். ஆனால் நாய் நிற்கும் இடத்தை அது காட்டாது, எண்ணை வாசிக்கக் கருவி வேண்டும். வயலுக்குள் நாயைக் கண்டவரிடம் கருவி இராது. பட்டியில் மாட்டி நாய் எங்கே என்று போனில் தேடுகிற புளூருத் வில்லையும், பக்கத்தில் பொருத்தமான போன் போனால்தான் செய்தி அனுப்பும். காட்டோரத்தில் அதை நம்பவேண்டாம்.

உண்ணிப் பட்டிக்கு விதி எதிர்மாறு. செரெஸ்ரோ மாதிரி மருந்துப் பட்டி எட்டு மாதம் வரை வேலை செய்யும், ஆனால் இரவு பகல் கழுத்திலேயே கிடக்கவேண்டும். இரண்டு மணித்தியாலக் காற்றுக்கு அடையாளப் பட்டியை மட்டும் கழற்றுங்கள். அடிக்கடி குளத்தில் நீந்துகிற நாயில் அதன் காலம் குறையும். மருந்தில்லாத பட்டிக்கு அடியில் உண்ணி ஒளிந்திருக்கும், கழற்றும் ஒவ்வொரு முறையும் பிடரியையும் காதின் உள்ளையும் விரலால் தடவுங்கள். ஈறு வெளிறி, சிறுநீர் கோப்பி நிறமானால் உண்ணியால் வரும் காய்ச்சலாக இருக்கலாம், அன்றே வைத்தியரிடம் போகவேண்டும்.

ஏ9 ஓரத்து நாய்க்கு ஒளி தெறிக்கும் நாடா தைத்த பட்டி எடுங்கள். சேறு படிந்தால் தெறிக்காது, கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரத் தண்ணீரில் தேய்த்து, இருட்டில் ரொர்ச் அடித்துப் பாருங்கள். தீபாவளி, வருடப்பிறப்பு, கோயில் திருவிழா என்று வெடி கொளுத்தும் நாட்களில் மட்டும் நாய் வழி தவறிப் போகும். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் மோப்பம் பார்த்துத் திரும்பாமல் நேரே ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் பின்னேரம் நாலு மணிக்கே பட்டியைப் போட்டு, றப்பர் வளையத்தையும் நம்பரையும் பார்த்துவிட்டு அறைக்குள் விடுங்கள்.

நம்பரைப் பார்ப்பது என்றால் வாசிக்க முடிகிறதா என்பது மட்டுமில்லை. சிம் மாற்றிய வீடுகளில் நாயின் கழுத்தில் கிடப்பது பழைய நம்பராகவே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட்டுக் கொண்டுவரும் அன்றைக்கு, தகட்டில் உள்ளதைப் பார்த்து அப்படியே டயல் பண்ணுங்கள். வீட்டுக்குள் போன் அடிக்காவிட்டால் புதுத் தகடு வெட்டுவியுங்கள்.