டொமைன் இல்லாத ஆபீசுக்கு ஆப் கன்ட்ரோல்: குரூப் பாலிசியா, இன்டியூனா, ஸ்கிரிப்டா?

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள், கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைகள் பலவற்றில் கம்ப்யூட்டர்கள் டொமைனில் (எல்லாவற்றையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேராமல் தனித்தனியாகவே ஓடுகின்றன. டிராயிங்கும் பில்லும் பென் டிரைவில் போய்வரும். கூடவே வரும் முன்பின் தெரியாத இஎக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்) ஓடாமல் தடுக்க விண்டோஸின் ஆப் கன்ட்ரோல் இருக்கிறது. எந்த புரோகிராம் ஓடலாம் என்று சொல்லும் அதன் பாலிசியை எல்லா மெஷினிலும் எப்படி ஏற்றுவது?

விண்டோஸ் அமைப்புகளை மொத்தமாக மாற்றும் குரூப் பாலிசியை எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து அனுப்ப டொமைன் வேண்டும். டொமைன் இருந்தாலும் ஆப் கன்ட்ரோலின் பழைய ஒற்றைப் பாலிசி வடிவத்தைத்தான் அது ஏற்கும். விண்டோஸ் 10 1903-இல் வந்த, ஒரே மெஷினில் பல பாலிசிகளை வைக்கும் வசதி இதில் கிடைக்காது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வேண்டாம்.

மெஷின்களை இணையம் வழியாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான இன்டியூன் அருமையானது. எதில் பாலிசி ஏறியது, எதில் ஏறவில்லை என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். ஆனால் சந்தா உண்டு, மெஷினுக்கு இன்டர்நெட்டும் வேண்டும். மாம்பழ சீசனில் மட்டும் பரபரப்பாகும் ஆலைக்கு அது கனமான செலவு.

அதனால் இங்கே என் தேர்வு ஸ்கிரிப்ட். விண்டோஸ் 11 22எச்2 முதல் பாலிசியை ஏற்றும் சிஐடூல் என்ற கருவி கூடவே வருகிறது. ஒரே கட்டளையில் பாலிசி ஏறிவிடும், ரீஸ்டார்ட் தேவையில்லை. விண்டோஸ் 10-இல் வேலை கொஞ்சம் கூடுதல்: எக்ஸ்எம்எல் ஃபைலாக இருக்கும் பாலிசியை பைனரியாக மாற்றி, அதன் ஐடியையே ஃபைல் பெயராக வைத்து, விண்டோஸில் பாலிசிகளுக்கென உள்ள ஆக்டிவ் ஃபோல்டரில் போட்டு, ரெஃப்ரெஷ் டூலை ஓட்ட வேண்டும்.

ஸ்கிரிப்டின் பெரிய குறை, அன்றைக்கு அணைந்திருந்த மெஷின் விடுபட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். ஏறிய பாலிசிகளின் பட்டியலைப் பொது ஃபோல்டரில் எழுதிவைக்க ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி சேருங்கள்.

எந்த வழியானாலும் முதலில், எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் ஆடிட் மோடுதான். தடுக்கப்பட்டிருக்கக்கூடியவை ஈவென்ட் லாகில் 3076 என்று பதிவாகும். ஜிஎஸ்டி தாக்கல் நாள் கடக்கும்வரை பொறுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனின் மென்பொருள் அன்றுதான் தலைகாட்டும். அப்புறம் அமலாக்கினால் போதும். நிஜமாகத் தடுத்தவை 3077-இல் வரும்.

டிஜிட்டல் சான்றிதழால் கையெழுத்திடாத பாலிசியை அட்மின் உரிமை உள்ள எவரும் நீக்கலாம். ஆகவே தினசரி லாகினுக்கு அந்த உரிமையைத் தராதீர்கள். கையெழுத்திட்ட பாலிசி உறுதியானது, ஆனால் அதைக் கையாள்வதில் தவறினால் மெஷின் பூட் ஆகாமலே போகலாம். அதற்கு அவசரப்பட வேண்டாம். பாலிசியை எடுக்கும்போதும் நேராக அழிக்காமல், முதலில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் பாலிசியை அதே ஐடியில் ஏற்றிவிட்டு நீக்குங்கள்.