டிங்கி கண்ட பிள்ளைக்குப் பப்பாளி இலைச் சாறா, இரத்தப் பரிசோதனையா?

கோலாலம்பூரின் செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பிள்ளைக்கு டிங்கி என்றதும் அண்டை வீட்டிலிருந்து பப்பாளி இலை வந்து சேரும். அதன் சாறு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சற்று உயர்த்தக்கூடும் எனச் சில ஆய்வுகள் கூறினாலும், டிங்கியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் போதாமல் ஏற்படும் அதிர்ச்சி நிலையே. அதைச் சாறு தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். காத்திருப்பு நீளமானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அங்கு நாள்தோறும் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஹெமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறினால் கசிவு தெரிந்துவிடும். காய்ச்சல் தொடங்கிய 3 முதல் 7ஆம் நாளுக்குள், அது இறங்கும்போதுதான் ஆபத்து கூடுகிறது. சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டார் நிம்மதி கொள்வதும் அதே வேளையில்தான். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் பிள்ளையை உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.